பந்துச் சத்தம்

"நாளைக்குக் காலையில கேம் வெளியாகுது. இங்கே ஒரு மகாராணி கண்ணை மூடிக்கிட்டு ஹாயா உட்கார்ந்திருக்காங்க!"

மேனேஜர் போட்ட கூச்சலில் மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்தது.

'வாலு' மட்டும் திரும்பவில்லை. ஆபீஸில் அவளுக்கு அதுதான் பெயர். செல்போனில் ஆடும் டேபிள் டென்னிஸ் கேமுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் வேலை. காதில் ஹெட்போன், கையில் போன், கண் இரண்டும் மூடியிருந்தன.

மேனேஜர் ஹெட்போனைப் பிடுங்கினார்.

"தூங்கறதுன்னா வீட்டுக்குப் போயிடும்மா!"

"தூங்கலை சார். பந்துச் சத்தம் லேட்டா வருது. விலை கம்மியான போன்ல ரொம்ப மோசம். பந்து தாண்டிப் போனப்புறம்தான் 'டொக்'குன்னு கேக்குது."

"படம் நல்லா ஓடுதில்ல? சத்தத்தை யாரும்மா கேக்கப் போறா? பஸ்ல போறவன் சவுண்டை அமுக்கிட்டுத்தான் ஆடுவான்."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார், ப்ளீஸ்!"

"எடுத்துக்கோ. முடியலேன்னா அடுத்த கேம்ல நீ கிடையாது. சொல்லிட்டேன்."

அவர் போனதும் பக்கத்து சீட்டு அக்கா கிசுகிசுத்தாள். "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை? சரின்னு தலையாட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

வேண்டாத வேலைதான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பிறகே போனிலிருந்து வெளியே வரும். சேரும் அளவைக் குறைத்தால் சீக்கிரம் வரும். ரொம்பக் குறைத்தாலோ, கரகரவென்று உடைந்து மானத்தை வாங்கும்.

குறைத்தாள், உடைந்தது. கூட்டினாள், பிந்தியது. மேஜையில் கிடந்த டப்பா போன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக உயிரை எடுத்தது. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படியொரு பிடிவாதம்!

சாயங்காலம் மேனேஜர் வந்து நின்றார். "என்ன ஆச்சு?"

"ஒரே ஒரு மேட்ச் சார். எதிர்ல ஆள் ஆடிக்கிட்டிருக்கு."

விரல்கள் பறந்தன. நெற்றியெல்லாம் வியர்வை. கடைசிப் பந்தை விட்டுவிட்டாள். 'நீங்கள் தோற்றுவிட்டீர்கள்' என்றது போன்.

அவ்வளவுதான், வாலு துள்ளி எழுந்தாள். நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.

"தோத்துட்டேன்! சார், தோத்துட்டேன்! அக்கா, நான் தோத்துட்டேன்!"

அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"பைத்தியமா உனக்கு? தோத்ததுக்கு யாராவது இந்தக் குதி குதிப்பாங்களா?" மேனேஜருக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதிர்ல ஆடினது யாரு?"

"எங்க அண்ணன் சார், வீட்லேர்ந்து. சத்தத்தைச் சரி பண்ணினதும் கேமை அவன் போனுக்கு அனுப்பினேன். நாங்க எல்லாரும் போன்ல விளையாடறப்ப பக்கத்துல உட்கார்ந்து, 'யாரு ஜெயிச்சீங்க, யாரு ஜெயிச்சீங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். இன்னிக்கு அவனே ஜெயிச்சுட்டான்!"

"அதானே பார்த்தேன். அண்ணனாச்சேன்னு விட்டுக் குடுத்திருப்பே."

"விட்டுக் குடுக்கறதாவது! நான் திரையைப் பார்த்து உயிரைக் குடுத்து ஆடினேன் சார். பிறந்ததுலேர்ந்தே பார்வை இல்லாத எங்க அண்ணன், சத்தத்தை மட்டும் கேட்டு என்னை அடிச்சுத் தூக்கிட்டான்!"