தாமதப்படி

சாலை வேலை முடியும்வரை தெருவாசிகளுக்கு நாள்தோறும் தாமதப்படி என்று ஒரு தொகை வரும். அது கான்ட்ராக்டரின் பில்லில் கழியும். அதனால் சகாயராணி தன் பழைய காரைத் தெரு நடுவிலேயே விட்டுவைத்திருந்தாள்.

கான்ட்ராக்டர் தவமணி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்த ஒரு இடம்தான் பாக்கி. வேலை முடிஞ்சாத்தான் என் பில்லு பாஸாகும். ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும். வண்டிய எடுங்கக்கா."

"சாவியக் காணோமே தம்பி."

சாவிக்கொத்து அவள் இடுப்பிலேயே தொங்கியது. அவர் அதைப் பார்த்தபோதும் அவள் மறைக்கவில்லை.

"பொண்ணு நர்சிங் படிக்குறா. ஃபீஸ் இந்தப் படியிலதான் போகுது. இன்னும் ஒரு வருஷம், படிப்பு முடிஞ்சிரும்."

தவமணி கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். வெளியே கொண்டுவந்த தார் கலவை ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. மனைவியின் குரல் சகாயராணிக்கும் கேட்டது.

"என்னங்க, நம்ம தெருவுக்கு வேற கான்ட்ராக்டர் ஆளுங்க ரோடு போட வந்திருக்காங்க. வாசல்ல நிக்கிற நம்ம லாரிய எடுக்கச் சொல்றாங்க. என்ன சொல்ல?"

தவமணி சகாயராணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"சாவியக் காணோம்னு சொல்லு" என்றார்.