கொளஞ்சியம்மாள் பேரில் ஒரு கார்

“கார் உங்களுக்காம்மா?”

சேலம் கார் ஷோரூம் மேனேஜர் கேட்டதற்குக் கொளஞ்சியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது முதலாளி தனக்கோடியின் உத்தரவு.

விருத்தாசலத்தில் தனக்கோடியின் ஜாடிக் கம்பெனியில் களிமண் சுமக்கிறவள் அவள். உடம்பில் முதலாளியம்மாவின் பட்டுப்புடவை. எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் வெள்ளை மண் போகவில்லை. மனசெல்லாம் வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கும் புருஷன் அர்ச்சுனன் மேல். அதே கம்பெனியில் கல்லு மாவு அரைத்து நெஞ்சு கெட்டவன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லி மாசம் மூன்றாகிறது.

“இதுங்கல்லாம் கார் வாங்கக் கெளம்பிடுச்சு,” என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார்.

பணம் கட்டிவிட்டு, காருக்காக ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டிய காலம் அது. தனக்கோடி தன் பேரில் ஒன்று, வேலையாட்கள் பேரில் நாலு என்று பதிந்து வைத்திருந்தார். அவர் பேருக்குக் கிடைத்த காரில்தான் இன்று சேலம் வந்திருந்தார்கள். இப்போது கொளஞ்சியம்மாளின் முறை. வண்டியை எடுத்து அப்படியே சேத்தியாத்தோப்பு ரைஸ்மில்காரருக்குத் தள்ளிவிட்டால் ஏழாயிரம் மேலே கிடைக்கும்.

கைநாட்டு வைத்தால் சந்தேகம் வரும் என்று, கணக்குப்பிள்ளை விருத்தகிரி ஒரு வாரமாக அவளுக்குக் கையெழுத்துப் பழக்கியிருந்தார்.

“ஒங்கப்பாருக்கு வேற பேரே கெடைக்கலியா? எழுதி முடிக்கிறதுக்குள்ள மசி தீந்துபூடும்,” என்று அப்போது அலுத்துக்கொண்டார்.

“நேந்துக்கிட்டுப் பொறந்தவ நானு. சாமி பேரக் கொறைக்கக் கூடாதுங்க.”

மேனேஜர் பில்லை நீட்டினார். கம்பெனி விலைக்கு மேலே ஆயிரத்து ஐநூறு.

தனக்கோடி துள்ளி எழுந்தார். “இது எதுக்கு?”

“சீட் கவர், ரேடியோ.”

“ரேடியோ யாரு கேட்டா?”

“அதோட சேத்துதான் சார் வண்டி. வேணாம்னா சொல்லிடுங்க, வெளியே ஆள் நிக்குது.”

“பகல் கொள்ளையா இருக்குது! எட்டு வருஷம் காத்திருந்தவன் வயித்துல அடிக்கிறீங்களே!”

“காத்திருந்தது இந்த அம்மா இல்லீங்களா?” மேனேஜர் சிரித்தார்.

தனக்கோடிக்கு முகம் கறுத்தது. அந்த ஆயிரத்து ஐநூறை ரைஸ்மில்காரர் தலையில் கட்ட முடியுமா என்று கேட்க, விருத்தகிரியை இழுத்துக்கொண்டு போஸ்டாபீசுக்கு டிரங்க்கால் போடப் போனார்.

மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“உக்காரும்மா. மறைக்காமச் சொல்லு. இதுக்கு அவரு உனக்கு என்ன குடுத்தாரு?”

“இந்தப் பொடவதாங்க. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்.”

மேனேஜர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வண்டி உன் பேருல இருக்குது. எனக்கு வேணாம்னு ஒரு கையெழுத்துப் போடு, எங்களுக்கே திரும்பிடும். ரெண்டாயிரம் இப்பவே கையில தரேன். அவரால கோர்ட்டுக்குக்கூடப் போக முடியாது.”

ரெண்டாயிரம். மூன்று வருஷக் கூலி. அர்ச்சுனன் எழுந்து உட்கார்ந்து சோறு தின்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“பேருதாங்க என்னுது. பணம் அவங்களுது,” என்றாள்.

“அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சா சரின்னுடுவேங்க. அதான் யோசிக்கல.”

தனக்கோடி திரும்பி வந்தபோது மேனேஜரே சொல்லிவிட்டார். “நல்ல ஆளைப் புடிச்சு வச்சிருக்கீங்க சார். ரெண்டாயிரம்னேன், அசையல.”

கையெழுத்து ஆயிற்று. வண்டியை நாலு நாளில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஆத்தூர் தாண்டியும் தனக்கோடி அடங்கவில்லை.

“பாத்தியா விருத்தகிரி! ஊரெல்லாம் திருட்டுப் பசங்க. ரேடியோவாம், சீட் கவராம்! இவ ஒருத்திதான்யா மனுஷி. ஏ கொளஞ்சி, நீ இனிமே எங்க வூட்டுல ஒருத்தி. என்ன வேணும்னாலும் கூச்சப்படாமக் கேளு.”

அப்போதே கேட்டிருப்பாள். உதவி செய்த சூட்டோடு கேட்டால் விலை பேசுகிற மாதிரி இருக்கும் என்று பட்டது. சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம். முப்பது ரூபாய் முன்பணம் கிடைத்தால் போதும், அர்ச்சுனனைத் தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

சனிக்கிழமை கூலி வாங்க நின்றவள் கையில் விருத்தகிரி தலை நிமிராமல் காசை வைத்தார்.

“ஒரு நாள் கொறையுதுங்களே.”

“புதன்கெழம நீ வேலைக்கு வரலியே.”

“ஐயே, உங்ககூடத்தானே சேலம் வந்தேன்!”

விருத்தகிரி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்க வந்த முப்பது ரூபாயை விட்டுவிட்டு, கொளஞ்சியம்மாள் கையிலிருந்த காசை இன்னொரு தரம் எண்ணினாள்.

உள்ளேயிருந்து தனக்கோடியின் குரல் வந்தது.

“அன்னிக்கு அவ மண்ணா சொமந்தா? கார்ல உக்காந்து சேலத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்தவளுக்குக் கூலி வேறயா?”