நூற்றியோராவது விண்ணப்பம்

தன் வீட்டில் நடப்பது தெரியாது. ஊரார் வெப்சைட்டில் ஓட்டை தேடுவதுதான் அந்த மனிதரின் உத்தியோகம்.

வீட்டிலிருந்த ஒரே லேப்டாப்பில் அவர் எழுதிய ஸ்கிரிப்ட், ஆள் தொடாமலே பிரௌசரை ஓட்டி, ஒரு பள்ளியின் ஆசிரியர் வேலைக்குச் சோதனையாக நூறு போலி விண்ணப்பங்களை அனுப்பியிருந்தது.

"என் லேப்டாப்புலேருந்து வந்ததையெல்லாம் அழிச்சிட்டீங்களா மேடம்?" என்று பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"நூத்தியொண்ணையும் அழிச்சாச்சு சார். நேத்தோட கடைசித் தேதியும் முடிஞ்சுது. ஆனா அந்தக் கடைசி ஒண்ணு... என்னமா எழுதுது உங்க ஸ்கிரிப்ட்! கண்ணு கலங்கிடுச்சு."

"நூறுதானே அனுப்பினேன்? எல்லாத்துலயும் 'டெஸ்ட்'னுதானே இருக்கும்?"

"'பதினோரு வருஷத்துக்கப்புறம் மறுபடி கிளாஸ்ல நிக்க ஆசை, கிடைச்சப்புறம்தான் வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்'னு இருந்துச்சே!"

அடுக்களையிலிருந்து மனைவி கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

"போன்ல யாருங்க, ஸ்கூல்லேருந்தா? என்னையா கேக்கறாங்க?"