ஆறு கட்டிலுக்கும் ஒரே ஊசி

"ஆறு பேருக்கும் ஒரே ஊசி, மூணு நாளா. என்ன டாக்டர் இது, கல்யாணப் பந்தியா?"

மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் தேவிபிரியா இப்படிக் கேட்டதும், அருப்புக்கோட்டை டாக்டர் சென்னகேசவனுக்குச் சுருக்கென்றது.

"நானாவா எழுதுறேன்? லேப் ரிப்போர்ட்டப் பாருங்க மேடம். ஆறு பேர் சிறுநீர்லயும் ஒரே கிருமி. எந்த மருந்துக்குச் சாகும், எதுக்குச் சாகாதுங்கிறது வரைக்கும் ஒண்ணுபோல இருக்கு."

தேவிபிரியா புரட்டிப் பார்த்தாள். நிஜம்தான்.

"அப்ப வார்டுலயே பரவியிருக்கு. யாரு இங்க நர்ஸ்?"

நாகஜோதி வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது.

"கை கழுவுறதே இல்லையா?"

"ஒவ்வொரு ஆளத் தொட்டதுக்கப்புறமும் கழுவுறேன் மேடம். கையே தேஞ்சுபோச்சு."

"பேசாத. ஒன்னால அஞ்சு பேருக்குக் குடலிறக்க ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கு. நாளைலருந்து வராத" என்றார் சென்னகேசவன்.

நாகஜோதி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

மூன்றாம் கட்டில் மொக்கையன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அந்த வார்டில் நீர்க்கடுப்புக்காகச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

"அந்தப் புள்ளைய வையாதீக சார். தப்பு என்னுது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அன்னைக்குக் காலைல ஆளுக்கொரு டப்பா குடுத்து, ஒண்ணுக்குப் புடிச்சுத் தாங்கன்னுச்சு. இவுக அஞ்சு பேரும் ஸ்கேனுக்காகப் பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தவுக. எங்கிட்டு வரும்? டப்பா குடுக்கலைன்னா ஆபரேஷன் தள்ளிப்போயிருமேன்னு முழிச்சாக. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"அதுக்கு?"

"எனக்குத்தான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வருதே. ஆறு டப்பாவையும் நானே ரொப்பிட்டேன்."

ஐந்து கட்டிலிலும் போர்வை தலைவரைக்கும் ஏறியது.

"மூணு நாளா ஊசி குத்துறோம். ஒருத்தருக்குமா வாயத் தொறக்கத் தோணல?" என்றார் சென்னகேசவன்.

"நல்ல ஊசி சார். மேலு வலி போயிருச்சு" என்றது ஐந்தாம் கட்டில் ஜெயபாண்டியின் போர்வை.

சென்னகேசவன் தலையில் அடித்துக்கொண்டார். "நீ அழாதம்மா, போயி வேலையப் பாரு" என்று நாகஜோதியை அனுப்பிவிட்டு மொக்கையனிடம் திரும்பினார். "ஏன் பெரியவரே, யாரு டப்பா நீட்டினாலும் குடுத்துர்றதா?"

"நான் பரளச்சிப் பக்கம் சார், வானம் பாத்த ஊரு. வறண்டுபோயி ஒருத்தர் வந்து நின்னா, நம்மகிட்ட இருக்கைல இல்லைன்னு சொல்ல மாட்டோம்."