ஒரு சாண் ஒடுக்கு

“உலகத்துல ரெண்டே வகை ஆளுங்கதான் மாப்பிள்ளை. ஒடுக்கு எடுக்கறவன் ஒருத்தன், ஒடுக்கு விழவைக்கறவன் ஒருத்தன். முப்பத்தோரு வருஷமா நான் முதல் வகை. இந்தக் கையால சுத்தியலத் தூக்கி ஒரு வண்டியில ஒடுக்கு விழுந்ததா சரித்திரமே கிடையாது.”

மாமனார் இதைச் சொன்னபோது, மாப்பிள்ளை அவருடைய வேனின் இடது கதவைச் சூடான ஸ்பூன் காம்பால் அழுத்தி நசுக்கிக்கொண்டிருந்தார். கதவு மெல்ல உள்வாங்கியது. மாமனார் தடுக்கவில்லை. டீ குடித்தார்.

வேன் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு. ஐந்து மாதமாக அந்தக் குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டது.

“எதுக்கு மாப்பிள்ளை நல்ல கதவப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?”

“உங்க வேன்ல இருக்கே மாமா. ஒரு சாண் நீளம். இருபத்து நாலால வகுத்தா ஒரு நகக்கண் அளவு.”

“வகுத்தல் கணக்குப் போட்டு வண்டிய நசுக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். அது என்ன, காவி சாக்கட்டிய அரைக்கறீங்க?”

“துரு மாமா. கதவுக்குக் கீழ.”

“துருவச் சுரண்ட நான் ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கறேன். நீங்க துருவ அரைச்சுப் பூசறீங்க. என் பட்டறையில இருந்திருந்தா மொத நாளே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்.”

ஊர் வண்டிகளையெல்லாம் நிமிர்த்திய மாமனாருக்குத் தன் வேனை நிமிர்த்த மட்டும் நேரம் வாய்த்ததில்லை. அந்த ஒடுக்குக்கே எட்டு வயது.

மாப்பிள்ளை நிமிராமல் சொன்னார். “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மாடல் வண்டிப் போட்டி மாமா. அசல் வண்டியையும் வாசல்ல நிறுத்தணுமாம். உங்க வேன் வேணும்.”

மாமனாரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. “என் வண்டியா? நாலு பேர் பாக்கற இடத்துலயா?”

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. ஏற்கெனவே மூன்று போட்டிகளில் ஆறுதல் பரிசுகூட இல்லை. இந்த முறையும் வெறுங்கை என்றால் சாப்பாட்டு மேஜையில் இனி சாப்பாடு மட்டும்தான். பசை, பெயிண்ட், சக்கரம் எல்லாம் பழைய பேப்பரோடு போகும் என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் வாசலில் ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை வெளியே போனார். போனவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வேன் பளபளத்தது. இடது கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

“எப்படி? நாலு நாள் வேலை. நம்ம வண்டி ஒடுக்கோட போய் நின்னா உங்களுக்குத்தானே மாப்பிள்ளை கேவலம்?”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்பா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துத்தான் பரிசே தருவாங்க!”

மாமனார் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கதவைத் தடவினார். “அப்ப சின்னதுல இருக்கற ஒடுக்க எடுத்துடுங்களேன். பெரிசுலயே எடுத்தாச்சு.”

“முடியாது மாமா. உள்பக்கம் காகிதம் மாதிரி தேய்ச்சு வச்சிருக்கேன். திருப்பி அழுத்தினா பொத்துக்கும். புதுக் கதவு செய்ய ரெண்டு வாரமாவது ஆகும்.” குரலில் கோபம் இல்லை. அதுதான் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தவர், ஐந்து மாதத்தில் முதல் முறையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் குட்டி வேனைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரமாக வைத்துவிட்டு, “வேன நானே காலையில நேரா அங்க கொண்டுவந்துடறேன்” என்று கிளம்பினார்.

சாயந்திரம் மனைவி தையல் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். “இங்க இருந்த இஞ்ச் டேப்பக் காணோம். உங்க பொம்மைக்கு எடுத்தீங்களா?” மாப்பிள்ளை குட்டி வேனின் ஒடுக்கையே தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குட்டி வேனை மடியில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அரங்க வாசலில் ஏற்கெனவே நடுவர் குனிந்து நின்றார். ஒரு கையில் பூதக்கண்ணாடி. எதிரே மாமனாரின் வேன்.

நடுவர் மாடலை வாங்கி வேனின் இடது கதவருகே பிடித்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து பார்த்தார்.

“நானும் பன்னெண்டு வருஷமா பாக்கறேன்” என்றார் நடுவர். “பெயிண்ட் பண்ணுவாங்க, லைட் எரிய வைப்பாங்க. ஒடுக்கோட ஆழம் முதற்கொண்டு அச்சா எடுத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். அந்தத் துருகூட அப்படியே இருக்குங்க!”

முதல் பரிசு. மனைவி கைதட்டினாள். மேஜை பிழைத்தது.

மாப்பிள்ளை கோப்பையைப் பார்க்கவில்லை. வேனின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமனாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கேட்டார்.

“வர்ற வழியில எங்கயாவது இடிச்சுட்டீங்களா மாமா?”

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மகளின் இஞ்ச் டேப்பை எடுத்து மாப்பிள்ளையின் கையில் திணித்தார். அவருடைய விரல் நுனியெல்லாம் காவி.

“இருபத்து நாலால பெருக்கித்தான் அடிச்சேன்... அளவு சரியா இருக்கில்ல?”