ஹால் நடுவில் ஒரு தூண்

"நான் வச்சேன் சார்! சத்தியமா அந்தத் தூணை வச்சேன்!"

கம்ப்யூட்டரில் பிளான் வரைவதுதான் அவள் வேலை. புதுத் துணிக்கடைக்கு அவள் வரைந்த பிளானில் ஹால் நடுவில் வரவேண்டிய தூண் இல்லையாம். இல்லாத தூணை யார் கட்டுவார்கள்? நேற்று கூரை இறங்கிவிட்டது. கொத்தனார் ஒருவர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்.

"அழாதம்மா," என்றார் தலைமை இன்ஜினியர். "அந்தத் தூண் மட்டும் கடைசியில தனி ஃபைலா வந்துச்சு. நீ அதை பிளானோட லிங்க் பண்ணின. அப்புறம் ஃபோல்டரை வீட்டுக்குக் கொண்டுபோனியே, அதுல இடம் மாறி லிங்க் அறுந்திருக்கும்."

"ஐயோ, அப்ப நான்தானா? போலீஸ் வருவாங்களா சார்?"

"வரத்தான் செய்வாங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு நீயே சொல்லிடு, மத்ததை நான் பாத்துக்கறேன். அந்த பிளானை மட்டும் இப்பத் திறக்காத, மனசு விட்டுப்போயிடும்."

தங்கமான மனுஷன்! வேறொருத்தராக இருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். இவர் என்னடாவென்றால் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

ஆனால் பயம் சும்மா இருக்க விடுமா? அந்தக் கொத்தனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஜெயிலா? போலீஸிடம் என்னவென்று சொல்வது? எங்கே தப்பு செய்தோம் என்றாவது தெரியவேண்டாமா? பிளானைத் திறந்தாள்.

லிங்க் ஆன ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. படிக்கட்டு, லிஃப்ட், கதவுகள். மேலும் கீழுமாகத் தேடினாள். தூண் ஃபைலின் பெயரே இல்லை.

லிங்க் அறுந்தால் படம்தான் மறையும். பெயர் அங்கேயே நிற்கும், பக்கத்தில் 'கிடைக்கவில்லை' என்று வரும். பெயரே போயிருக்கிறது என்றால் யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். அவள் வரைந்து முடித்தபின், பிரிண்டுக்குப் போகுமுன், அந்த பிளானைத் திறக்கக்கூடியவர் இந்த ஆபீஸில் ஒரே ஒருத்தர்தான்.

மேஜையில் தண்ணீர் டம்ளர் வந்து உட்கார்ந்தது.

"நடுவுல தூண் வேண்டவே வேண்டாம்னு கடை முதலாளி ஒத்தைக்கால்ல நின்னாரும்மா," என்றபடி அவர் போய் கதவைத் தாழிட்டார்.