இருட்டில் வாசித்த செய்தி

செய்தி வாசிக்கும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு கணினி. கேமரா, விளக்கு, மைக், வாசிப்பவளுக்கு வரிகள் ஓடும் திரை எல்லாம் அதன் பிடியில்தான். இப்போது அது அசைய மறுக்கிறது. அதை இயக்குபவன் மவுஸைத் தட்டிப் பார்க்கிறான். வருடக்கணக்காகக் குரல் மட்டும் கொடுத்துவந்தவள் இன்றுதான் முதன்முதலாக நேரலையில் முகம் காட்டுகிறாள். அந்த முகம் பாதி மூடிய கண்களோடு ஊரெங்கும் டிவியில் உறைந்து நிற்கிறது. அது தெரியாமல் அவள் வாசித்துக்கொண்டே போகிறாள். வேறு வழியில்லாமல் கணினியை அணைத்து மறுபடி போடுகிறான். விளக்குகளும் அணைகின்றன. அவன் அவள் அறைக் கதவைத் திறக்கிறான். இருட்டுக்குள் குரல் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, நிறுத்துங்க. படம் உறைஞ்சு நின்னுடுச்சு, மைக்கும் போச்சு, யாருக்கும் கேக்காது."

"தெரியுதுப்பா. மனப்பாடம் பண்ணது, விட்டா கோர்வை போயிடும். மூஞ்சி எப்படி நின்னுச்சு?"

"கண்ணு பாதி மூடி..."

"சரிதான். எங்கம்மா நான் தூங்கிட்டேன்னு நினைச்சிருக்கும்."

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். கணினி தானாகத்தான் எழுந்து வரவேண்டும். அவன் கதவில் சாய்ந்து கேட்கிறான். மழை பற்றிய செய்தி. குரலில் நடுக்கமே இல்லை. ஒரு வாக்கியத்தின் நடுவே விளக்குகள் எரிகின்றன. அவள் கண்கள் நன்றாகத் திறந்து கேமராவைப் பார்த்தபடி இருக்கின்றன. மீதிச் செய்தி ஊருக்குப் போகிறது. இருட்டில் வாசித்தது அவனிடம் மட்டும் இருக்கிறது.